ஒரு பெல்ட்டும் ஒன்பது கையெழுத்தும்

நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்துக்குள் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து நுழைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் பல அதிகாரிகளைப் பற்றிக் குறை பாடப்போகிறேன். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் பாதி வழியில் என்மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிடக்கூடாது. அந்த இரக்கத்துக்கு உரியவள் வேறொருத்தி இருக்கிறாள். அவள் என் மனைவி.

அவள் முக்குளிக்கிற வேலை பார்ப்பவள். வளைகுடாவில் ஒரு மீன் பண்ணை இருக்கிறது. தண்ணீருக்குள் வட்ட வட்டமாக வலைக் கூண்டுகளைத் தொங்கவிட்டு அதில் மீன் வளர்க்கிறார்கள். முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு அந்தக் கூண்டுகளுக்குள் இறங்கி, வலை எங்கே கிழிந்திருக்கிறது என்று தடவிப் பார்த்துத் தைத்துவிட்டு வருவது அவள் வேலை. பிறக்கும்போதே அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடையோடு நின்றுவிட்டது. அதைப்பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலையெல்லாம் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்க்கிறவர்களுக்குத்தான். நானோ லாரித் தார்ப்பாயும் கூடாரமும் பயணப்பையும் தைத்துப் பிழைக்கிறவன். தண்ணீரை வாளியில் மட்டும் சந்தித்துப் பழக்கம்.

சிலிண்டரை உடம்போடு இழுத்துப் பிடிக்கிற வார்களையெல்லாம் சேர்த்துப் பண்ணையில் பெல்ட் என்றுதான் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் பெல்ட்டை, இரண்டு கையுள்ள யாரோ ஒருவர், இரண்டு கையுள்ள மற்றவர்களுக்காகச் செய்திருக்கிறார். மேலே ஏறவும் கீழே இறங்கவும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் இடது தோள் பக்கம் தொங்கும். ஆபத்து என்றால் எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிற கொக்கியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். பல வருடம் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒருநாள் அந்தக் கொக்கி வலையில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க அவள் பட்ட பாட்டைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே பெல்ட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

பத்து தடவை சொதப்பினேன். முதல் பெல்ட் கழுத்தைப் பிடித்தது. நான்காவதில் சிலிண்டர் ஒரு பக்கமாகச் சரிந்து, அவள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நீந்தினாள். ஆறாவதைக் கட்டிக்கொண்டு இறங்கியவள் தலைகீழாக மிதந்தாள். மேலே வந்ததும் அவள் என்னைப் பற்றிச் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. பதினோராவது பெல்ட் உட்கார்ந்தது. காற்றுப் பொத்தானை வலது பக்கம் கொண்டுவந்திருந்தேன். இடுப்புக் கொக்கி ஒரே கையால் இழுத்தால் இறுகும். இடது வாரில் அகலமாக ஒரு வளையம் தைத்திருந்தேன். முழங்கையை அதற்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்று விழும். அதைக் கட்டிக்கொண்டு நான்கு வருடம் அவள் தினமும் இறங்கினாள், ஏறினாள், வீட்டுக்கு வந்தாள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

எனக்குத்தான் அரிப்பு. இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறோம், ஒரு பயலுக்கும் தெரியவில்லையே என்ற அரிப்பு. நீரடிப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று இருப்பதாகவும், அவர்கள் சான்றிதழ் தருவதாகவும் கேள்விப்பட்டேன். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினேன்.

"இதை யாரு கேட்டாங்க?" என்றாள்.

"யாரும் கேக்கல. ஒரு அத்தாட்சி இருந்தா நல்லதுதானே."

"எதுக்கு நல்லது?"

"உன்ன மாதிரி இருக்கிற மத்தவங்களுக்கும் பயன்படும் இல்ல?"

இந்த உன்னதமான நோக்கம் அந்த நொடியில்தான் என் வாயில் உதித்தது. சொன்ன மறுகணமே எனக்கே அது நம்பக்கூடியதாக இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கலாம். உங்களால முடியாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் வாரியத்துக்குக் கிளம்பினேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. விண்ணப்பம் பெறப்பட்ட நாள்முதல் அங்கீகாரம் வழங்கப்படும் நாள்வரை மேற்படி நீரடி உடலிணைப்புச் சாதனத்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. நகல் மீன் பண்ணைக்கு. விண்ணப்பிக்காமல் இருந்தவரை யாரும் தடுக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பெல்ட் இருப்பதே யாருக்கும் தெரியாது. மெனக்கெட்டுப் போய்ச் சொன்னவன் நான்.

பண்ணைக்காரர் நல்ல மனிதர். பயந்த மனிதரும்கூட. "நீங்க இறங்கினா எனக்குப் பயமே இல்லம்மா. இந்தக் கடுதாசிக்குத்தான் பயம்" என்றார். நாற்பது நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் சான்றிதழ் வந்தால் அவள் வேலை அவளுக்கு. வராவிட்டால், தற்காலிகமாக வந்திருந்த ஆளையே நிரந்தரமாக்கிவிடுவார். அதுவரை அவள் கரையில் நின்று மீன் தீவன மூட்டைகளை எடை போட வேண்டும். அந்தத் தற்காலிக ஆளுக்கு இரண்டு கையும் முழுசாக இருந்தன. கிழிசல்தான் கண்ணில் படவில்லை. ஒரு வாரத்தில் பாதிக் கூண்டு மீன் கடலுக்குப் போய்விட்டது. அவள் தினமும் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் 'குழாயில் தண்ணீர் வராது' என்ற அறிவிப்பு, வாரியத்தின் பெயர்ப்பலகையைவிடப் பெரிய எழுத்தில். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரியின் கையெழுத்து விழ வேண்டும். ஒன்பதாவது கட்டம் இயக்குநருடையது. அது விழுந்தால் முத்திரை, முத்திரை விழுந்தால் சான்றிதழ். இவ்வளவுதானே என்று நினைத்தேன். நான் தையல்காரன், கட்டங்களைக் கண்டு பயந்ததில்லை.

மூன்றாம் ஜன்னலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். படிவத்தை ஒவ்வொரு வரியாகப் பேனா நுனியால் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இடது உள்ளங்கை அகலம் எழுதாம விட்டிருக்கீங்க."

"இடது உள்ளங்கை இல்லீங்க மேடம்," என்றேன். மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"அது தெரியுது. அகலம் எவ்வளவு?"

"பூஜ்யம்னு போட்டுடலாமா?"

"போடக்கூடாது. பூஜ்யம்னு போட்டா அளவு தவறுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வலது கை அளவையே எழுதுங்க. ரெண்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்."

எழுதினேன். முன்கையின் நீளம், மணிக்கட்டுச் சுற்றளவு, ஐந்து விரல்கள் எல்லாவற்றையும் வலது கையிலிருந்து அளந்து இடது பக்கம் எழுதினேன். என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். "முப்பத்தாறு வருஷமா இது எங்க போச்சுன்னு தெரியாம இருந்தேன். இங்கதான் இருந்திருக்கு" என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. முதல் கட்டத்தில், நிதானமாக, 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரியா இருக்குன்னு எழுத மாட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"சரியா இருக்குன்னு எழுதி, நாளைக்குச் சரியா இல்லாம போச்சுன்னா? பார்த்தேன்னு எழுதினா அது எப்பவுமே உண்மை. பார்த்தேன் இல்ல?"

இதில் ஒரு தர்க்கம் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என்ன ஜென்மங்கள் என்றேன். ஒரு கையெழுத்துப் போட இப்படிப் பயமா என்றேன். அடுத்த பத்து நாளில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்டங்கள் நிரம்பின. மூன்றிலும் 'பார்த்தேன்'. ஒருவர் மட்டும் 'மேலே பார்த்ததைப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தார். அவர் ஓய்வுபெற ஆறு மாதம்தான் பாக்கி என்று சொன்னார்கள்.

ஐந்தாவது கட்டம் சோதனை அதிகாரியுடையது. தரைத்தளத்தில் சோதனைத் தொட்டி இருந்தது. நல்ல ஆழம், நீல நிற ஓடு, ஏணி எல்லாம் இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை.

"தண்ணி விட மாட்டீங்களா சார்?" என்றாள் மனைவி.

"ஆரம்பத்துல விட்டாங்க. அப்புறம் யாராவது விழுந்துட்டா யாரு பொறுப்புன்னு ஒரு கேள்வி வந்துச்சு. இப்ப காஞ்சு கிடக்கு, பாதுகாப்பா இருக்கு."

தொட்டியின் அடியில் ஒரு நாற்காலி. அதில் ரப்பரால் செய்த ஆளுயர பொம்மை ஒன்று விறைப்பாக உட்கார்ந்திருந்தது. சோதனை அதிகாரி அதை மாதிரி மனிதர் என்று மரியாதையாகச் சொன்னார். மாதிரி மனிதரின் நெஞ்சில் வாரியத்தின் சொத்து எண் ஒட்டியிருந்தது. எந்தப் பெல்ட் வந்தாலும் முதலில் மாதிரி மனிதருக்குக் கட்டிப் பார்க்க வேண்டும். கட்டிப் பார்த்தோம். நான் என் மனைவிக்காகக் குறுக்கித் தைத்திருந்த இடது வார், மாதிரி மனிதரின் இடது கையில் மாட்டிக்கொண்டு தோளுக்கு ஏற மறுத்தது.

"பாருங்க. இந்தச் சாதனம் மனுஷ உடம்புக்குப் பொருந்தல" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரிக்குப் பொருந்துது சார். இதோ நிக்கிறாங்களே, கட்டிக் காட்டச் சொல்லவா?"

"அவங்க தனிப்பட்ட முறையில ஒரு மனுஷி. அவங்களுக்குப் பொருந்துறது அவங்க சொந்த விஷயம். இவர்தான் தரப்படுத்தின உடம்பு. நான் இவருக்குத்தான் பதில் சொல்லணும்."

"இவரோட இடது கையக் கழட்ட முடியாதா?" என்று மனைவி கேட்டாள். அவள் குனிந்து பார்த்துவிட்டாள். முழங்கையில் ஒரே ஒரு திருகாணிதான்.

அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்தால், அவருடைய கையையே கேட்டதுபோல் இருந்தது. வாரியத்தின் சொத்தை ஊனப்படுத்த வேண்டுமானால் அதற்குக் காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கழற்றிய கையை எங்கே வைப்பது என்று பண்டகசாலை எழுதித் தர வேண்டும். கையில்லாத மாதிரி மனிதர் தொடர்ந்து மாதிரி மனிதராக இருக்கலாமா என்று மருத்துவர் ஒருவர் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஏழு நாள் நடந்தோம். மாதிரி மனிதருக்கு அந்த வாரியத்தில் இருந்த பாதுகாப்பு, முக்குளிக்கிற ஒருத்திக்கும் எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

எட்டாம் நாள் சோதனை அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "சில சமயம் பழைய பொருளெல்லாம் தானாவே கழண்டு விழும்" என்றார். "நான் டீ குடிக்கப் போறேன். கால் மணி நேரம் ஆகும்."

அவர் போனார். என் பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். கால் மணி நேரம் கழித்து அவர் வந்தபோது மாதிரி மனிதரின் இடது கை தரையில் கிடந்தது, நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஐந்தாவது கட்டத்தில் எழுதினார்: 'கை தானாகக் கழன்று கிடக்கப் பார்த்தேன்.' பெல்ட் இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி ஏணியில் இறங்கி வந்து வாரையெல்லாம் சரிசெய்து, பொம்மையின் தோளைத் தட்டி, "பழகிடும்" என்றாள். ஒரு மணி நேரம் மாதிரி மனிதர் காய்ந்த தொட்டியில் உட்கார்ந்திருந்தார். மூழ்கவில்லை. அப்படியே குறித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து ஆறு, ஏழு கட்டங்களும் 'பார்த்தேன்' ஆயின. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவர்களை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

எட்டாவது கட்டத்தில்தான் வண்டி நின்றது. அதில் மட்டும் வெறும் கையெழுத்துக்கு இடம் இல்லை. 'இச்சாதனம் பாதுகாப்பானது என்று என் சொந்தப் பொறுப்பில் உறுதி கூறுகிறேன். துறை வல்லுநர்' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பதவி காலியாக இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். உருவாக்கிய நாளிலிருந்து என்றார்கள். பண்ணைக்காரர் கொடுத்த நாற்பதில் முப்பத்திரண்டு நாள் போயிருந்தது. நாங்கள் இயக்குநரைப் பார்க்கப் போனோம்.

அவர் அறையில் பெரிய மேசை, அதன்மேல் ஒன்றுமே இல்லை. அவர் எங்களை உட்காரச் சொன்னார், பேசினார். அருமையான பேச்சு.

"இந்த வாரியத்துக்கு அறுபது வயசாகுது. நாங்க அங்கீகரிச்ச சாதனத்தால இதுவரைக்கும் ஒரு விபத்துகூட நடந்ததில்ல. வேற எந்த வாரியமாவது இப்படி நெஞ்ச நிமிர்த்திச் சொல்ல முடியுமா?"

"எத்தனை சாதனம் சார் அங்கீகரிச்சிருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

"அதைத்தானே சொல்றேன். ஒன்னுகூட இல்ல. அங்கீகரிச்சிருந்தா அதக் கட்டிக்கிட்டு யாராவது தண்ணியில இறங்கியிருப்பாங்க. இறங்கினா ஏதாவது ஆகத்தான் செய்யும். எனக்கு முன்னாடி இருந்தவங்க யாரும் அந்தத் தப்பப் பண்ணல. நானும் பண்ணல. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு, கடவுள் புண்ணியத்துல அப்படியே போயிடணும்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். தையலைத் தடவினார். "என்ன ஒரு வேலை. இந்த விஷயத்துல உங்கள விட்டா வேற யாரு வல்லுநர்?" என்றார். என் காது சூடாகியது. நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னை வல்லுநர் என்கிறார், அதுவும் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. அன்று சாயங்காலத்துக்குள் நான் வாரியத்தின் துறை வல்லுநர் ஆகிவிட்டேன். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை தந்தார்கள். எல்லாருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது, எனக்கு மட்டும் தட்டு வைத்த கோப்பையில்.

"நீங்க தைச்சத நீங்களே பார்த்துச் சொல்றதா? அது எப்படி முறையாகும்?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

"அதுல என்னம்மா தப்பு?" என்றார் இயக்குநர். "தெரிஞ்சவர் பார்த்தா நல்லதுதானே. இத்தனை வருஷமா தெரியாதவங்க பார்த்துக்கிட்டு இருந்தோம்."

அந்த ஒரு வாரம் என் கால் தரையில் பாவவில்லை. அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் தார்ப்பாய் தைத்தேன். தைக்கக் கொடுத்த பையைக் கேட்டு வந்தவர்களிடம் "பரிசீலனையில் இருக்கு" என்று சொன்னேன். ஒரு லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். மனைவி எல்லாவற்றையும் பார்த்தாள். "கவலைய விடு. எட்டாவது கட்டம் என் கையில. போட்டுத் தள்ளிடுறேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. அன்று அவளே சிலிண்டரின் தூசியைத் துடைத்து வைத்தாள்.

முப்பத்தொன்பதாவது நாள் கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் இயக்குநர், சோதனை அதிகாரி, மூன்றாம் ஜன்னல் அம்மா, இன்னும் நான்கு பேர், நான். எதிர்ப்பக்கம் தனியாக என் மனைவி. செய்து காட்டச் சொன்னார்கள். எழுந்து நின்று பெல்ட்டைக் கட்டினாள். வலது கையால் கொக்கியைத் தட்டிக் கழற்றினாள். மறுபடி கட்டினாள். இடது முழங்கையை வளையத்துக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். மொத்தமும் தொப்பென்று தரையில் விழுந்தது. மூன்று நொடி இருக்கும். எல்லாரும் தரையில் கிடந்த பெல்ட்டையே பார்த்தார்கள். ஒரு சாதனம் வேலை செய்து அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை போலிருந்தது.

"வல்லுநர் கையெழுத்துப் போடலாம்" என்றார் இயக்குநர்.

கோப்பு என் முன்னால் வந்தது. அதுவரை நான் அந்த வாக்கியத்தைப் பத்து தடவை படித்திருக்கிறேன். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தது அதுதான் முதல் தடவை. சொந்தப் பொறுப்பில் என்று இருந்தது. திடீரென்று எனக்கு அந்த வளையத்தின் தையல் ஞாபகம் வந்தது. அதைத் தைத்த அன்று எனக்குப் பல்வலி. நாலு ஓட்டு ஓட்டினேனா, மூன்றோடு நிறுத்தினேனா? உப்புத் தண்ணீரில் நூல் எத்தனை வருடம் தாங்கும்? நாளைக்கே ஏதாவது ஆகி, யாரோ ஒருவர் இந்தக் கோப்பைப் பிரித்து, இந்தக் கட்டத்தில் விரலை வைத்து, இது யார் என்று கேட்டால்? நான்கு வருடம், ஆயிரம் தடவைக்கு மேல், அவளை அதே பெல்ட்டோடு கடலுக்குள் அனுப்பியிருக்கிறேன். ஒருநாள்கூட இந்தக் கேள்விகளில் ஒன்றும் எனக்கு வந்ததில்லை. காகிதத்தில் என் பெயர் வரப்போகிறது என்றவுடன் அத்தனையும் வரிசை கட்டி வந்துவிட்டன. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் பயந்தது அவளுக்காக அல்ல.

நான் எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் கோணலாக இருக்கும். அன்று மணிமணியாக வந்தது. 'பார்த்தேன்.'

இயக்குநர் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் நிஜமான பாசம் தெரிந்தது. "ஒரு வாரத்துல பிடிச்சுக்கிட்டீங்க. நாங்களெல்லாம் கத்துக்க ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். மூன்றாம் ஜன்னல் அம்மா என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்ப ஒன்பதாவது கட்டம்?" என்றாள் மனைவி.

"எட்டாவதுல உறுதி இல்லையேம்மா. உறுதி இருந்தாத்தான் நான் போட முடியும். வல்லுநரே தயங்குறாரு, நான் எப்படி?"

அவள் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஒவ்வொரு கட்டமாகப் படித்துக்கொண்டே வந்து, எட்டாவதில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் என் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வல்லுநர்னா யாருன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டாள்.

சோதனை அதிகாரி விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "சாதனத்தைப் பத்தி நேரடி அனுபவம் உள்ள எவரும்னு போட்டிருக்கு."

"நாலு வருஷம் இதக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கேன். அது போதுமா?"

யாரும் போதும் என்று சொல்லவில்லை. போதாது என்றும் சொல்லவில்லை. அதற்கும் ஒரு பொறுப்பு வேண்டுமே. அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, கோப்பை இடது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, என்னுடைய 'பார்த்தேன்' என்பதற்குக் கீழே இருந்த இடத்தில் 'பாதுகாப்பானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்ப பொறுப்பு உங்களோடதுதானே?" என்றார் இயக்குநர், நம்ப முடியாமல்.

"தண்ணிக்குள்ள போறது நான். பொறுப்பு வேற யாரோடது சார்?"

அதன் பிறகு நடந்ததை நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. இயக்குநர் தன் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவர்போல் ஆகிவிட்டார். அறுபது வருடம் அவர்கள் காத்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது: பொறுப்பை வாங்கிக்கொள்ள ஒரு ஆள். ஒன்பதாவது கட்டத்தில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். முத்திரையைத் தேடி எடுத்தார்கள். மைத்திண்டு கல்லாகக் காய்ந்திருந்தது. நனைக்கத் தண்ணீர் இல்லை, என் கோப்பையில் மிச்சமிருந்த டீயை ஊற்றினார்கள். பழுப்பு நிறத்தில் முத்திரை விழுந்தது. முழுதாக நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

படி இறங்கினோம். வாசலுக்கு வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "அது வந்து, அங்க ஒரு நடைமுறை இருக்கு. எடுத்தவுடனே உறுதின்னு எழுதக்கூடாது. படிப்படியா..."

"பெல்ட் பாதுகாப்பானதா, இல்லையா?" என்றாள்.

"என்ன கேள்வி இது? பாதுகாப்பானதுதான்."

"அத ஏன் அங்க எழுதல?"

பல்வலியைச் சொல்லலாமா என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"ஒரு கைய வச்சுக்கிட்டு நான் எழுதிட்டேன். உங்களுக்கு ரெண்டு இருக்கு, ஒன்னுலகூட வரலையா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விவரம் கேட்பதுபோல்தான் கேட்டாள். பஸ் வந்தது, ஏறினோம். ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு.

நாற்பதாவது நாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பினாள். பண்ணைக்காரர் சந்தோஷப்பட்டு முந்தின நாளே போன் செய்திருந்தார். நான் சீக்கிரமாக எழுந்து, அவளுக்கு டீ போட்டு வைத்து, பெல்ட்டை எடுத்து வாசலில் தயாராக மாட்டி வைத்திருந்தேன். வழக்கமாக அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கிவிடுவாள். அன்று பெல்ட்டை எடுத்துத் தரையில் விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாராகத் திருப்பி, ஒவ்வொரு தையலாக விரலால் நெருடிப் பார்க்க ஆரம்பித்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. நேரமாச்சு, நீ கிளம்பு" என்றேன்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு, வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.